தஞ்சை நிசும்பசூதனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்க் கீழவாசலில் இருக்கும் காளி கோயிலைப் பற்றி உறவினர்களும், பெரிய கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து வருபவர்களும், வரலாறு படிக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். செப்பேடு சொல்வது ஒன்று. புராணம் சொல்வது ஒன்று. ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது ஒன்று. ஆய்வாளர்கள் ஊகித்துச் சொல்வது ஒன்று. இந்த நான்கையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. ஆகவே எந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு விடையிலும் சொல்ல முயன்றிருக்கிறேன்.

தஞ்சாவூரில் நிசும்பசூதனி கோயில் எங்கே இருக்கிறது? அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லையே?

அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உள்ளூர்க்காரர்களும் தயங்கத்தான் செய்வார்கள். வடபத்ரகாளி கோயில் என்றோ, ராகுகால காளி கோயில் என்றோ கேட்க வேண்டும். அரண்மனைக்குக் கிழக்கே, கீழவாசல் பகுதியில், பூமால் ராவுத்தர் கோயில் தெருவில் அம்மன் இருக்கிறாள். ஓங்கிய கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்பவர்கள் கோயிலைத் தாண்டிப் போய்விடுவார்கள். கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கும் தெருவுக்குள் அமைந்த சிறிய கோயில் அது.

நிசும்பசூதனி என்றால் யார்? துர்க்கையா, காளியா?

நிசும்பன் என்ற அசுரனை அழித்தவள். மார்க்கண்டேய புராணத்தின் பகுதியான தேவி மாகாத்மியத்தில் அவள் கதை வருகிறது. சும்பன், நிசும்பன் என்ற அண்ணன் தம்பியர் மூவுலகையும் கைப்பற்றித் தேவர்களைத் துரத்திவிடுகிறார்கள். தேவர்கள் இமயத்துக்குச் சென்று அம்மனைத் துதிக்கும்போது, பார்வதியின் உடலிலிருந்து ஒளி பொருந்திய ஒரு வடிவம் வெளிப்படுகிறது. அவளே கௌசிகி. அந்த வடிவம் பிரிந்த பிறகு பார்வதி கருநிறம் கொண்டு காளிகை எனப் பெயர் பெறுகிறாள்.

கௌசிகியின் அழகைச் சண்டனும் முண்டனும் கண்டு தங்கள் அரசனிடம் சொல்ல, சும்பன் அவளை மணக்க விரும்பித் தூது அனுப்புகிறான். போரில் என்னை வெல்பவனுக்கே மாலையிடுவேன் என்கிறாள் தேவி. முதலில் வந்த தூம்ரலோசனன் அவளுடைய ஓர் உறுமலில் சாம்பலாகிறான். அடுத்துச் சண்டனும் முண்டனும் படையுடன் வர, தேவியின் நெற்றியிலிருந்து காளி தோன்றி இருவர் தலையையும் கொய்து சாமுண்டா எனப் பெயர் பெறுகிறாள். சிந்தும் ஒவ்வொரு துளி இரத்தத்திலிருந்தும் இன்னொருவனாக எழும் இரத்தபீசனை, துளி தரையில் விழாமல் காளி குடித்துவிட, தேவி வீழ்த்துகிறாள். அதற்குப் பிறகே நிசும்பனும் சும்பனும் களத்துக்கு வருகிறார்கள்.

ஆக, துர்க்கையா காளியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கதை இடம் தரவில்லை. நிசும்பனின் மார்பில் சூலத்தைப் பாய்ச்சுபவள் தேவி. அவளுடைய நெற்றியிலிருந்து வந்தவள் காளி. கடைசிப் போரில் எல்லா வடிவங்களும் அவளுக்குள்ளேயே ஒடுங்குகின்றன. சோழ நாட்டுச் சிற்பிகள் நிசும்பசூதனியைக் காளியின் தோற்றத்திலேயே செதுக்கினார்கள் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் சும்பன்தானே தலைவன்? தம்பியைக் கொன்றவள் என்று ஏன் பெயர்?

புராணத்தில் நிசும்பனின் முடிவு எளிதானதாக இல்லை. சூலம் துளைத்த அவன் மார்பிலிருந்து இன்னொரு வீரன் ‘நில்’ என்று கூவிக்கொண்டு வெளியே வருகிறான். தேவி சிரித்தபடி அவன் தலையை வாளால் வெட்டுகிறாள். அந்தக் காட்சி சிற்பத்துக்கும் செய்யுளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. சும்பனும் அதே தேவியால்தான் அழிகிறான். வடமொழியில் சும்ப நிசும்பர் இருவரையும் சேர்த்து மர்த்தினி என்று போற்றுவதும் உண்டு. தஞ்சை அம்மனுக்கு வழங்கும் பெயர் செப்பேட்டுப் புலவர் கையாண்ட வடிவம்.

இந்தக் கோயிலை விஜயாலய சோழன் கட்டினான் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஒரே ஒரு நேரடி ஆதாரம் உண்டு: திருவாலங்காட்டுச் செப்பேடு. முதலாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018ஐ ஒட்டி, திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடையாக அளித்ததைப் பதிந்த 31 ஏடுகள் கொண்ட தொகுதி அது. 1905இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. வடமொழிப் பகுதி சோழர் குலத்தை முதலிலிருந்து பாடிக்கொண்டு வரும்போது, தஞ்சையில் சோழர் ஆட்சியைத் தொடங்கிய விஜயாலயனுக்கு வருகிறது.

45ஆம் செய்யுள், குபேரனின் நகரான அளகாபுரியைப் போன்ற அழகும், வெண்சுதை பூசிய மாளிகைகளும் கொண்ட தஞ்சாபுரியை அவன் தன் மனைவியைக் கைப்பிடிப்பது போலக் கைக்கொண்டான் என்கிறது. 46ஆம் செய்யுள், தேவரும் அசுரரும் வணங்கும் திருவடிகளை உடைய நிசும்பசூதனியைப் பிரதிட்டை செய்து, அவள் அருளால் நான்கு கடலையும் ஆடையாக உடுத்த பூமியை ஒரு மாலையைப் போல எளிதாகத் தாங்கினான் என்கிறது.

இவ்விரண்டு செய்யுள்களின் வரிசைதான் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. நகரைப் பிடித்த மன்னனின் முதல் செயலாக அரண்மனையையோ கோட்டையையோ புலவர் சொல்லவில்லை. அம்மனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறார். அதன் பிறகே நிலவுலகம் அவன் தோளில் ஏறுகிறது.

விஜயாலயன் இறந்து எவ்வளவோ காலம் கழித்து எழுதியதை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியது 850ஐ ஒட்டி எனக் கொண்டால், செப்பேட்டுக்கும் அந்நிகழ்ச்சிக்கும் இடையே ஏறத்தாழ 170 ஆண்டுகள் இருக்கின்றன. மேலும் வடமொழிப் பகுதி சூரியனில் தொடங்கிப் புராண மன்னர்களையும் சோழர் முன்னோராகச் சொல்லும் புகழ்ப்பாட்டு. அதன் ஒவ்வொரு வரியையும் அப்படியே வரலாறாக எடுக்க முடியாது.

இருந்தாலும் இந்தச் செய்தியை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. செப்பேடு எழுதப்பட்ட காலத்தில் தஞ்சை சோழர் நகரமாகத்தான் இருந்தது. 1010இல் இராசராசன் பெரிய கோயிலின் செப்புக் கலசத்தைக் கொடுத்துப் பத்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. நகரில் இல்லாத ஓர் அம்மனை அரசனின் முன்னோன் நிறுவியதாக அவனுடைய அவைப் புலவரே பாடியிருப்பார் என்று கொள்வதைவிட, எல்லோரும் அறிந்த ஒரு கோயிலைப் பாடினார் என்று கொள்வதே இயல்பு. இது என் கருத்து; செப்பேட்டின் கூற்று முந்தைய விடையில் சொன்ன அளவோடு முடிகிறது.

தஞ்சாவூரை யாரிடமிருந்து பிடித்தான்? முத்தரையரிடமிருந்து என்கிறார்களே, செப்பேட்டில் இருக்கிறதா?

செப்பேட்டில் தோற்றவரின் பெயர் இல்லை. முத்தரையர் என்பது வேறு சான்றுகளை வைத்து வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட முடிவு. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள செந்தலைக் கோயில் தூண்களில் முத்தரையரைப் புகழும் தமிழ்ப் பாடல்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் அவர்கள் தஞ்சைக்கோன் என்று அழைக்கப்படுகிறார்கள்.

விஜயாலயனே தஞ்சையைப் புதிதாக அமைத்தான் என்ற கருத்தை வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு தருகிறது. செந்தலைத் தூண்களை வைத்துப் பார்த்தால், அவனுக்கு முன்பே அங்கு ஓர் ஊர் இருந்தது தெளிவு. அழிந்ததைச் சீரமைத்ததையோ விரிவாக்கியதையோதான் கன்னியாகுமரிப் புலவர் உயர்த்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் காளி வழிபாட்டைச் சோழர்கள்தான் இங்கே கொண்டு வந்தார்களா?

இல்லை. இந்தக் கேள்விக்குச் செந்தலைத் தூண்களே விடை சொல்கின்றன. அந்தத் தூண்கள் முதலில் நின்றது நியமம் என்ற ஊரில். பெரும்பிடுகு முத்தரையனாகிய சுவரன் மாறன் அங்கே எடுப்பித்த பிடாரி கோயிலின் தூண்கள் அவை. கோயிலை எடுப்பித்தவனை, தந்தை பாட்டன் பெயர்களோடு தூணே சொல்கிறது. நியமத்துப் பிடாரியாருக்குக் கொடுத்த கொடைகளையும் அவற்றில் படிக்கலாம்.

இதை மனத்தில் கொண்டால் விஜயாலயனின் செயல் வேறு விதமாகப் புரியும். இப்பகுதியை ஆண்டவர்கள் பிடாரிக்குக் கோயில் எடுத்து, அவள் முன்னிலையில் தங்கள் வெற்றிகளைக் கல்லில் எழுதிவைத்த மரபு அவனுக்கு முன்பே இருந்தது. புதிதாக வந்த சோழன், இந்த மண்ணின் தலைவர்கள் வணங்கிய வகைத் தெய்வத்தையே தன் நகரிலும் நிறுவினான். வெற்றிக்கு நன்றி செலுத்தினான் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது என்று நான் கருதுகிறேன். ஆளும் உரிமையை அம்மனிடமிருந்து பெற்றதாகக் காட்டிக்கொள்வதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அவள் அருளால் பூமியைத் தாங்கினான் என்ற தொடர் அதைத்தான் சொல்கிறது.

கோயிலைப் பார்த்தால் அவ்வளவு பழையதாகத் தெரியவில்லையே? ஆயிரத்து நூறு வருஷக் கட்டடமா இது?

கட்டடம் பிற்காலத்தது. பழமை, மூலவரின் சிற்பத்தில் இருக்கிறது. செய்யுளும் பிரதிட்டையைத்தான் சொல்கிறதே தவிர, கோயில் எவ்வளவு பெரியது, எதனால் கட்டப்பட்டது என்று சொல்லவில்லை. அக்காலத்தில் பல கோயில்கள் செங்கல்லால் இருந்தன. சோழ அரசி செம்பியன் மாதேவியார் காலத்தில் அவற்றுள் பல கற்றளிகளாக, அதாவது கல் கோயில்களாக, மாறின.

அடுத்து, தஞ்சை பட்ட அடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன், தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) செந்தழல் கொளுத்தியதாகக் கல்வெட்டுப் புகழ்ப்பாட்டான தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். கூடமும் மதிலும் கோபுரமும் ஆடரங்கும் மாளிகையும் இடிக்கப்பட்டு, அந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுது கவடி (சோழி) விதைத்ததாக அம்மெய்க்கீர்த்தி விவரிக்கிறது. மிகைப்படுத்தலைக் கழித்துவிட்டாலும் சோழர் தஞ்சை அன்றோடு தன் உருவத்தை இழந்தது. பின்னர் நாயக்கர்கள் புதிய கோட்டையையும் அகழியையும் வைத்து ஊரை மறுபடி அமைத்தார்கள். கீழவாசல் என்ற பெயர் அந்தக் கோட்டையின் கிழக்கு வாயிலிலிருந்து வந்தது. அத்தனைக்கும் நடுவே ஒரு கற்சிலை தப்பி, இன்றுவரை அன்றாட வழிபாட்டில் இருப்பதே பெரிய பேறு.

இன்னொரு காளி கோயிலையும் காட்டி அதுதான் நிசும்பசூதனி என்கிறார்களே? எதுதான் சரி?

கீழவாசல் பகுதியிலேயே குயவர் தெருவில் உக்கிரகாளியம்மன் கோயில் இருக்கிறது. அங்கும் பழமையான காளி சிற்பம் உண்டு. ஆகையால் அதையும் விஜயாலயனோடு இணைத்துப் பேசுகிறார்கள். வடபத்ரகாளியே செப்பேடு சொல்லும் அம்மன் என்று சொல்பவர்கள் முதன்மையாகச் சிற்ப அமைதியைக் காரணம் காட்டுகிறார்கள்: காலடியில் வதைபடும் அசுரர்கள், பாயும் சூலம், 9ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தும் வேலைப்பாடு.

‘இவளே விஜயாலயன் நிறுவிய நிசும்பசூதனி’ என்று பொறித்த கல்வெட்டு எந்தக் கோயிலிலும் இல்லை. ஆகவே இது சிற்பத்தை வைத்துச் செய்த அடையாளம். நான் வடபத்ரகாளியின் பக்கம் நிற்பவன். ஆனால் செப்பேட்டுச் செய்திக்குக் கொடுக்கும் உறுதியை இந்த அடையாளத்துக்கும் கொடுத்துப் பேசுவது தவறு. குயவர் தெரு அம்மனை வழிபடுபவர்களிடம் போய் உங்கள் சாமி அது இல்லை என்று வாதாடுவதும் தேவையற்றது.

அம்மன் ஏன் எலும்பும் தோலுமாக இருக்கிறாள்? பார்க்கவே பயமாக இருக்கிறது.

பெரும்பாலானோர் கருவறையில் காண்பது பட்டுப்புடவையும் எலுமிச்சை மாலையும் அரளிச் சரமும் சாத்திய அலங்காரத்தை. முகமும் குங்குமமும்தான் வெளியே தெரியும். அலங்காரம் இல்லாத வேளையில்தான் சிற்பத்தின் உண்மையான தோற்றம் புலப்படும்: சுடராக எழுந்து நிற்கும் தலைமுடி, கழுத்துக்குக் கீழே வரிவரியாகத் துருத்தி நிற்கும் நெஞ்செலும்புகள், வற்றித் தொங்கும் மார்பின் மீது கச்சாகச் சுற்றிய பாம்பு, ஆயுதம் ஏந்திய எட்டுக் கைகள், காலின் கீழே அசுரர்கள். வற்றிய உடம்பில் இவ்வளவு விசையைச் சிற்பி எப்படி ஏற்றினான் என்று வியக்காமல் இருக்க முடியாது.

இதற்கான மூலம் இரண்டாம் விடையில் சொன்ன கதையிலேயே இருக்கிறது. தேவியின் நெற்றியிலிருந்து தோன்றிய காளியை வருணிக்கும்போது தேவி மாகாத்மியம் வற்றிய சதையும், அகன்ற வாயும், குழி விழுந்த செங்கண்களும், தலைமாலையும், புலித்தோலும் உடையவள் என்கிறது. சோழ நாட்டின் பல காளி சிற்பங்கள் இளமை ததும்பும் மேனியோடு அமைந்திருக்க, இங்கே சிற்பி புராண வருணனையை அப்படியே கல்லில் இறக்கியிருக்கிறான். அழகாகச் செய்யத் தெரியாமல் இப்படிச் செய்யவில்லை.

பயத்தைப் பற்றி ஒரு சொல். அவளுடைய சினம் காலடியில் கிடப்பவனை நோக்கியது. எதிரே நிற்பவரை நோக்கியது அன்று. குழந்தைகளை அழைத்து வரும் தாய்மார்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

பெரிய கோயில் வாராகியும் இவளும் ஒருவரா?

ஒரே கதையில் வரும் வேறு வேறு வடிவங்கள். இரத்தபீசனோடு போர் நடக்கும்போது தேவர்களின் சக்திகள் பெண் வடிவம் கொண்டு உதவிக்கு வருகின்றன. அவர்களுள் ஒருத்தி வாராகி. ஏழு பேரையும் சேர்த்துச் சப்தமாதர் என்கிறோம். புராண வரிசையில் நாரசிம்மி இருக்குமிடத்தில், தமிழ்நாட்டுக் கோயில்களின் எழுவர் வரிசையில் சாமுண்டா இருப்பாள்.

துர்க்கை, கொற்றவை, காளி, பிடாரி என்று இத்தனை பேர்கள். எல்லாம் ஒன்றுதானா?

பழந்தமிழர் இவற்றை வேறுபடுத்தியும் அறிந்திருந்தார்கள், ஒரே மூச்சில் சேர்த்தும் சொன்னார்கள். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் பாண்டியனின் வாயிற்காவலன் கண்ணகியைக் கண்டு மிரண்டு, இவள் கொற்றவையும் அல்லள், அறுவர்க்கு இளைய நங்கையும் அல்லள், கானகம் உகந்த காளியும் அல்லள், தாருகன் பேருரம் கிழித்த பெண்ணும் அல்லள் என்று அடுக்குகிறான். சினந்த பெண் தெய்வத்தின் வடிவங்கள் அத்தனையும் அவனுக்குத் தனித்தனியாகத் தெரிந்திருக்கின்றன. ஆனால் எல்லாமே ஒரே அச்சத்தில் அவன் நினைவுக்கு வருகின்றன.

சிற்பத்தில் வேறுபாடு தெளிவு. எருமைத் தலைமேல் நிற்பவள் மகிடனை வென்ற துர்க்கை; சிவன் கோயில்களின் வடபுறத் தேவகோட்டத்தில் நாம் வழக்கமாகக் காண்பவள். எரிமுடியும் பாம்புக் கச்சும் கொண்டு அசுரன்மேல் கால் வைத்து அமர்ந்திருப்பவள் நிசும்பசூதனி. பிடாரி என்பது ஊர்க்காவல் தெய்வமாக அவளை மக்கள் அழைத்த பெயர்.

போருக்குப் போகும் முன் சோழ ராஜாக்கள் இங்கே வந்து தலையை அறுத்துப் பலி கொடுத்தார்களாமே?

இக்கோயிலில் அப்படி நடந்ததாகச் செப்பேடோ கல்வெட்டோ சொல்லவில்லை. சோழ மன்னர் ஒவ்வொருவரும் போருக்கு முன் இங்கு வந்து வாளை வைத்து வணங்கினர் என்பதும் ஊரார் நம்பிக்கையும் வரலாற்று நாவல்களும் சேர்ந்து வளர்த்த செய்தி. விஜயாலயன் உடம்பில் 96 விழுப்புண்கள் இருந்தன என்பதுகூட, அவனுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்ட உலா இலக்கியம் தருவது.

ஆனால் தன்னையே பலி கொடுக்கும் வழக்கம் சோழ நாட்டுக்கு அறிமுகமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. தஞ்சைக்கும் பாபநாசத்துக்கும் இடையே பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கை ஆலந்துறைநாதர் கோயிலுக்குச் சென்று, வடபுறத் துர்க்கையைப் பாருங்கள். தேவிக்கு மேலே குடை; இருபக்கமும் மண்டியிட்ட வீரர்கள்; ஒருவன் தன் தலையையே அரியத் துணிந்தவன், மற்றவன் தன் உடம்பை அறுத்துக் கொடுப்பவன். முகத்தில் வலியின் சாயல் சிறிதும் இல்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கத்துப்பரணியும் காளி கோயிலில் தலையைக் கொய்து வைக்கும் வீரர்களை வருணிக்கிறது. இலக்கியமும் சிற்பமும் காட்டும் இந்தப் பொதுவான மரபை எடுத்து, ஆதாரமின்றிக் கீழவாசல் அம்மனின் மேல் ஏற்றிச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

பெரிய கோயில் வந்த பிறகு காளியை மறந்துவிட்டார்களா?

இராசராசனின் அக்கறை பெருவுடையாரிடம் குவிந்தது உண்மை. ஆனால் அதே பெரிய கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் படித்தால், வரி நீக்கப்பட்ட நிலங்களை ஊர் ஊராகச் சொல்லும் இடத்தில் பிடாரி கோயில், காடுகாள் திருமுற்றம், சேட்டையார் என்று பெண் தெய்வங்களின் இடங்கள் குளத்தோடும் வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் வந்துகொண்டே இருக்கின்றன. உலகளந்து வரி கணக்கிட்ட பேரரசின் கணக்கர்கள், களத்துமேட்டுப் பிடாரியின் முற்றத்தையும் அளந்து, அதற்கு வரி இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டெல்டாவின் அம்மன் வழிபாட்டுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

தஞ்சன் என்ற அரக்கனைக் கொன்றதும் இந்தக் காளிதானா?

அது வேறு கதை. தஞ்சன் என்ற அசுரன் இங்கே அழிக்கப்பட்டான், சாகும்போது ஊர் தன் பெயரால் வழங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான் என்பது தஞ்சாவூர்த் தலபுராணக் கதை. கரந்தைக்கு அப்பால் இருக்கும் கோடியம்மனோடு அதை இணைத்துச் சொல்வார்கள். கோடியம்மன் திருவிழாவில் பச்சைக்காளியும் பவளக்காளியும் வேடமிட்டு ஆடி வீதி வருவதைப் பார்த்தவர்கள், இரண்டு காளிகளையும் ஒன்றாக்கிக் கொள்கிறார்கள். நிசும்பன் கதை புராணத்தது; தஞ்சன் கதை இந்த ஊருடையது.

புன்னைநல்லூர் மாரியம்மன், பங்காரு காமாட்சி, இவர்களில் யார் பழையவர்?

தஞ்சையில் குடிகொண்ட காலத்தைக் கேட்டால், வடபத்ரகாளியே மூத்தவள். புன்னைநல்லூர் அம்மன், மராட்டிய மன்னர் வெங்கோஜி சமயபுரம் சென்றிருந்தபோது 1680இல் கனவில் தோன்றித் தன் இருப்பிடத்தை உணர்த்தியதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. புற்று வடிவாக இருந்தவளுக்குச் சதாசிவ பிரம்மேந்திரர் உருவம் அமைத்தார் என்பது மரபு. புற்றுமண் என்பதால் மூலவருக்கு அபிடேகம் இல்லாமல் தைலக்காப்பு நடக்கிறது. மேலவீதி பங்காரு காமாட்சி, குழப்பமான காலத்தில் காஞ்சியிலிருந்து பல ஊர்கள் கடந்து வந்து 18ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் அமர்ந்தவள். சியாமா சாஸ்திரிகளின் குடும்பத்தார் அவளுக்குப் பூசை செய்தவர்கள்.

பட்டீஸ்வரம் துர்க்கையும் விஜயாலயன் வைத்ததுதானே?

இல்லை. அவள் பழையாறைச் சோழர் மாளிகையின் காவல் தெய்வமாக இருந்து, பிற்பாடு பட்டீஸ்வரத்துக்கு வந்தாள் என்பது அப்பகுதியினர் சொல்லும் செய்தி. பக்கத்தில் சோழன்மாளிகை என்ற ஊர் இன்றும் இருக்கிறது. விஜயாலயனோடு அவளை இணைக்கும் சான்று இல்லை.

ராகு காலத்தில்தான் கும்பிட வேண்டுமா? சோழர் காலத்திலிருந்தே அப்படித்தானா?

செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரையிலும், வெள்ளிக்கிழமை முற்பகல் 10.30 முதல் 12 வரையிலும் வரும் ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு ஏற்றுவது இன்று தமிழ்நாடு முழுவதும் துர்க்கை, காளி கோயில்களில் பரவியிருக்கும் வழக்கம். பழத்தை இரண்டாக அரிந்து, சாறு பிழிந்து, தோலை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கிண்ணமாக்கி, நெய்யோ எண்ணெயோ விட்டுத் திரி போடுகிறார்கள். செப்பேட்டுச் செய்யுள் வழிபாட்டு முறை எதையும் கூறவில்லை. ஆகவே விஜயாலயன் பெயரை இதனுடன் சேர்க்க வேண்டாம். மற்ற நேரங்களிலும் அம்மனை வணங்கலாம். கூட்டமில்லாமல் நின்று பார்க்க விரும்புபவர்கள் வேறு கிழமைகளில் செல்வதே நல்லது. நவராத்திரியிலும் ஆடி வெள்ளியிலும் அது இயலாது.

சரி, அந்தச் செப்பேட்டை நாமே படிக்க முடியுமா?

முடியும். ஏடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. முழு வாசகமும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசையின் மூன்றாம் தொகுதியில் 1920இல் அச்சேறியது. வடமொழிச் செய்யுள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. பெரிய நூலகங்களில் கிடைக்கும். படிக்கும்போது 45, 46ஆம் செய்யுள்களோடு நின்றுவிடாமல், முன்னும் பின்னும் பத்துச் செய்யுள்களையாவது சேர்த்துப் படியுங்கள். புராண முன்னோர்களை விட்டு, பெயரும் ஊரும் உள்ள மன்னர்களின் வரலாற்றுக்குப் புலவர் இறங்கி வரும் இடம் விஜயாலயன். அந்த இடத்தில்தான் நிசும்பசூதனி வருகிறாள்.